எலி கடித்த வருஷங்கள்

எருமையில் எந்த வருஷம் ஆகாது என்று கேட்டால் அந்தத் தெருவில் ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள். டயர் கடைக்காரர் இரண்டாயிரத்து ஒன்பதைத் தொடாதே என்றார். பெயின்ட் அடிப்பவர் பதினொன்று சீக்கிரம் துருவேறும் என்றார். தரகர், தன்னிடம் நிற்கிற வண்டியின் வருஷத்தைத் தவிர மற்றதெல்லாம் மோசம் என்றார். டீக்கடையில் ஒருவர், சைக்கிள்கூட வைத்திருக்காதவர், பத்துக்கு அப்புறம் வந்தது அத்தனையும் தகரடப்பா என்று கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை விளக்கினார். தம்பி எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அந்தக் கம்பெனி உருப்படியாக ஒரு வண்டிகூடச் செய்ததில்லை என்று ஆகியிருந்தது.

எருமை என்பது ஊர் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தட்டை மூக்கு, விலகி நிற்கிற இரண்டு விளக்கு, மூன்று வரிசை சீட்டு. நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற கல்குவாரிக்கு முக்கி முனகாமல் போய்ச் சேரும். குவாரி ஆட்களை ஏற்றிப் போகிற வண்டியென்றால் அந்தப் பக்கம் அது ஒன்றுதான். புதிதாக வாங்குகிற வசதி யாருக்கும் இல்லை. பழையதில்தான் பொறுக்க வேண்டும்.

"எழுதினது போதும்டா. இதுல எதை வாங்கலாம்னு ஒரு வரி இருக்கா?" என்று அக்கா கேட்டாள். அவள் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்காவுக்கு வண்டி சீட்டு தைக்கிற தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. ஷட்டரைத் தூக்கினால் ரெக்சினும் பசையும் கலந்த வாடை தெருவுக்கு வரும். சுவரோரம் கழற்றிய சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். பதினேழு வருஷமாக அந்தக் கனத்த மெஷினை மிதித்து மிதித்து அவளுடைய ஒரு கெண்டைக்கால் மட்டும் ஆண்பிள்ளைக் கால் மாதிரி இறுகியிருந்தது. கட்டிக்கொண்டவன் இறந்தபோது விட்டுப்போனது அந்த மெஷினும் இரண்டு கத்தரியும்தான். பின்னறையில் தம்பியும் அவன் பெண்டாட்டியும். தம்பி கடைசியாக வண்டி ஓட்டிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அவன் ஓட்டியது காண்டிராக்டருடைய எருமை. சாயங்காலம் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். இரண்டாவது வளைவில் இஞ்சின் நின்றது. இஞ்சின் நின்றால் அந்த வண்டியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் மாட்டுக் கழுத்து மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு. எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பி மண்மேட்டில் மோதினான். ஒன்பது பேருக்கும் சிராய்ப்பு, வீக்கம், ஒருத்தருக்கு இரண்டு பல். அவனுக்கு மட்டும் தொடை எலும்பு இரண்டாகப் போனது.

காண்டிராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப்பார்த்தார். வெளியே போய், பையன் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டியிருக்கிறான், சாவி அணைந்தபடிதான் இருந்தது என்று நாலு பேரிடம் சொன்னார். அப்படிச் செய்கிற ஓட்டுநர்கள் உண்டு. தம்பியும் சின்ன வயதில் சமவெளியில் செய்திருக்கிறான். மோதியபிறகு புகையைப் பார்த்துச் சாவியை அணைத்ததாக அவனுக்கு ஞாபகம். ஆனால் மாதங்கள் போகப் போக, அணைத்தது மோதியபிறகா, அதற்கு முன்னாலா என்று அவனுக்கே குழம்பிவிட்டது. கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த ஒரு மத்தியானம் அக்காவிடம் மட்டும் சொன்னான். "என் கை சாவியில இருக்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குக்கா. எப்பன்னுதான் தெரியல." அக்கா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் அந்த ஒன்பது பேரே வந்து வாசலில் நின்றார்கள். அவர்களில் மூத்தவள், கல் பொறுக்கிக் கூடையில் போடுகிற பெரியம்மா, வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். காண்டிராக்டர் வண்டி வாரத்துக்கு மூன்று நாள் வருவதில்லை. நாங்களே ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று குவாரியில் சொல்லிவிட்டோம், அவர்களும் சரி என்றுவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி வண்டி வேண்டும். வாங்கி ஓட்ட வேண்டியது இவன்தான். வேறு யார் ஓட்டினாலும் நாங்கள் நடந்தே போய்க்கொள்கிறோம்.

தம்பி முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி முந்திக்கொண்டாள்.

"ஓட்டுவாருங்க. ஆனா ஒண்ணு. முதல் நாள் இறங்கும்போது பக்கத்துச் சீட்டுல நான் உட்காருவேன். போனா சேர்ந்தே போறோம்."

"நீ வேற ஏம்மா அபசகுனமாப் பேசுற. எங்க ஒன்பது பேரை விட்டுட்டியே?" என்றாள் பெரியம்மா.

அவர்கள் போனபிறகுதான் தம்பி டைரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஓட்டுவதற்குப் பயம் என்று அவனால் வீட்டில் சொல்ல முடியவில்லை. அந்தப் பயமெல்லாம் வருஷத்தின்மேல் போய் உட்கார்ந்தது. சரியான வருஷம் கிடைத்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தான். அக்காவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கிண்டல் செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் முன்னறையில் இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கட்டுக்கம்பி வளையங்கள் கொத்தாகத் தொங்கும். பழைய சீட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அக்கா உறையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, பின்புறம் வண்டியின் பெயர், வண்டி புத்தகத்தில் உள்ள வருஷம், என்ன சேதம் என்று மார்க்கரால் எழுதிக் கம்பியில் கோத்துவிடுவாள். இரண்டு வருஷம் கழித்து அதே நிறம் வேண்டும் என்று வருகிறவனுக்குத் துண்டைக் காட்டினால் வேலை சுலபம். பதினேழு வருஷத் துண்டுகள். மழை ஈரத்தில் வாடை கிளம்பியதால் தம்பி பெண்டாட்டி அவற்றை இறக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த எருமைத் துணியெல்லாம் ஏன் ரெண்டு மாதிரி நாறுது? சிலது வேர்வை நாத்தம். சிலது எலி மூத்திர நாத்தம்."

"வேர்வை ஓட்டுறவனோடது. எலி எலியோடது. இதுல என்ன அதிசயம்?"

"இல்ல அண்ணி. எலி கடிச்சதெல்லாம் பன்னெண்டு, பதிமூணுன்னு போட்டிருக்கு."

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

கம்பிகளை அவிழ்த்து எருமைத் துண்டுகளை மட்டும் பிரித்து எடுத்தார்கள். தரையைத் துடைத்துவிட்டு ஏழிலிருந்து பதினேழு வரைக்கும் சாக்பீஸால் எண் போட்டு அந்தந்த எண்ணின்கீழ் அடுக்கினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று: எல்லாம் வேர்வை. ஓட்டுநர் சீட்டின் கதவோர விளிம்பு, ஏறி இறங்கி நூல் நூலாகப் போனவை. உப்புப் பூத்தவை. ஒன்றிரண்டு சிகரெட் பொத்தல், ஒன்று குழந்தை வாந்தி. பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கில் ஓட்டுநர் சீட்டு விளிம்பு புதிதாக இருந்தது. நடுவில் மட்டும் கடித்துப் பஞ்சைப் பிடுங்கியிருந்தது. பதினைந்திலிருந்து மறுபடி வேர்வை.

"எலி ஓடுற வண்டியில குடியேறாது. நின்ன வண்டியிலதான் குட்டி போடும்" என்றாள் அக்கா. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "இந்த மூணு வருஷத்து வண்டி மாசக்கணக்குல எங்கயோ நின்னிருக்கு. ஒர்க்‌ஷாப்புல பொருள் கிடைக்காம நின்னிருக்கு. அப்புறமா ஒப்பேத்தி ஓட்டணும்னு என்கிட்ட கொண்டாந்திருக்கானுங்க. நானும் பதினேழு வருஷமா தைக்கிறேன், எலிக்கு மருந்து வைங்கடான்னு சொல்லி அனுப்பினதோட சரி."

தம்பிக்குச் சந்தேகம். மெக்கானிக், ஊரில் ஸ்பானர் என்று கூப்பிடப்படுகிறவர், ஒன்பதும் பத்தும்தான் தன் ஷெட்டுக்கு அதிகம் வருவதாக அடித்துச் சொல்லியிருந்தார். டைரியில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

"அது அவர்கிட்ட நடந்து வருதுடா. ஆயில் மாத்த வருது, பிரேக் கட்டை மாத்த வருது. தினம் ஓடுறதுதான் அடிக்கடி வரும். ஓடாதது ஒரு தடவை வந்து அங்கயே கிடக்கும். அவர் எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணுறாரு. எத்தனை நாள் கிடந்துச்சுன்னு எலிதான் எண்ணியிருக்கு."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை அக்கா கேட்டு ரொம்ப நாளாயிருந்தது. பதினைந்தின்கீழ் ஒரே ஒரு எலித்துண்டு தனியாகக் கிடந்தது, சாம்பல் நிறத்தில் நீலக்கோடு போட்டது. அவன் அதை எடுத்து ஓரமாக எறிந்தான்.

"எலிக்கு வருஷம் படிக்கத் தெரியுமா? ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கும்."

பிறகு பதிமூன்றின்கீழ் இருந்தவற்றைக் கையில் அள்ளி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். காண்டிராக்டருடைய வண்டி பதிமூன்று. வீட்டில் மூவருக்கும் அது தெரியும். மழை ஷட்டரில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி எழுந்து டீ போடப் போனாள்.

நாலாம் நாள் அவன் குதித்துக்கொண்டு வந்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து பேக்கரிக்காரரிடம் ஒரு எருமை விலைக்கு நிற்கிறது, புத்தகத்தில் பதினைந்து, இரண்டாம் மாதம். சத்தமில்லாமல் ஓடுகிறது. முன்பணம் கொடுத்தாயிற்று. அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தாள். கத்தரியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மூவருமாகப் போனார்கள். அவளுக்கு இஞ்சின் தெரியாது. சீட்டைப் பார்க்கலாம் அல்லவா.

பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கும் விறகுக்கும் நடுவே வண்டி நின்றது. அப்போதுதான் ரொட்டி எடுத்திருந்தார்கள். சூட்டு வாசனை வயிற்றைக் கிள்ளியது. பேக்கரிக்காரர் பருத்த, மெதுவான மனிதர். முன்கை முழுக்கத் தட்டு சுட்ட தழும்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழையதாகவே வாங்கியதாம். தனக்கு ஓட்டத் தெரியாது, மருமகள்தான் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வார விடுமுறைக்கு மலைமேல் தாய்வீட்டுக்குப் போய்வருவாள், இப்போது சின்ன வண்டி போதும் என்கிறாள் என்றார்.

அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்காரவில்லை. தரையில் குந்தி, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். விரல் ஒரு தையலில் இடறியது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பச்சை நூல்.

ஒருகாலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெட்டி பச்சை நூல் வாங்கிவிட்டு, மேலே தெரிகிற இடத்தில் தைக்க முடியாமல், வருஷக்கணக்காக அடித்தையலுக்கு மட்டும் அதைப் போட்டுத் தீர்த்திருந்தாள். அந்த ஊரில் பச்சை நூலில் அடித்தையல் போடுகிற வேறு ஆள் கிடையாது. இது அவள் கை. கத்தரி நுனியால் இரண்டு தையலை நெம்பினாள். புது உறைக்குள்ளே மடிந்து கிடந்தது பழைய உறையின் ஓரம். சாம்பலில் நீலக்கோடு.

"டேய், அன்னிக்கு எறிஞ்சியே ஒரு துண்டு, அது இந்த வண்டியோடது."

தம்பிக்கு முகம் விழுந்தது. இருந்தாலும் வாதாடினான். புத்தகம் பதினைந்து என்றுதானே சொல்கிறது, நீ எழுதினதும் பதினைந்துதானே என்றான். புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றாள் அக்கா. சீட்டைக் கழற்றும்போதெல்லாம் இடைஞ்சலாகத் தொங்கி, அவள் திட்டிக்கொண்டே ஒதுக்கிக் கட்டுகிற ஒரு சாமான் ஞாபகத்துக்கு வந்தது. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தாள். அடிப்பக்கம் தைத்திருந்த வெள்ளைத் துணிச்சீட்டு வெளியே வந்தது. அழுக்கை எச்சில் தொட்டுத் துடைத்தாள். பெல்ட் செய்த தேதி அதில் அச்சடித்திருந்தது. பதினான்கு, பத்தாம் மாதம்.

"எல்லாப் பெல்ட்டையும் இழு" என்றாள்.

தம்பி பெண்டாட்டி ஏறி ஒவ்வொன்றாக இழுத்தாள். பத்தாம் மாதம், பத்தாம் மாதம், ஒன்பதாம் மாதம். எல்லாம் பதினான்கு. வருஷக் கடைசியில் செய்த வண்டி விற்காமல் கிடந்து, அடுத்த வருஷம் விற்று, விற்ற வருஷத்தைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஊரே புத்தகத்தைப் பார்த்து வருஷம் சொல்கிறது. அக்காவும் பதினேழு வருஷமாக அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

பேக்கரிக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபப்படுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவர் அடுப்படிக்குப் போய் யாரையோ விட்டு ஸ்பானரைக் கூட்டிவரச் சொன்னார். "இதுல என்னமோ இருக்குன்னு நீங்க சொல்றீங்க. என் பேரப்பிள்ளைங்க இதுலதான் ஏறுதுங்க. பிரிச்சே பார்த்துடுவோம்" என்றார்.

ஸ்பானர் வந்தார். எலி, துணி, பெல்ட் என்று அக்கா சொன்னதைக் கேட்டு முதலில் உதட்டைப் பிதுக்கினார். சீட்டு தைக்கிறவங்ககிட்ட இஞ்சின் பாடம் கேக்கணும்னு தலையெழுத்தா என்றார். மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கியதும் பேச்சு நின்றது. உள்ளே எண்ணெயில் நனைந்து ஓடுகிற செயினை ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்தினார். அது கயிற்றுக்கொடி மாதிரி தொய்ந்து ஆடியது. மூடியின் உட்புறத்தில் செயின் உரசிய கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒரு தடவை மாத்தியிருக்கானுங்க. ஆனா பழைய மெலிசுச் செயினையே மாட்டியிருக்கானுங்க. பன்னெண்டுல செயினை மெலிசாக்கினானுங்க, பதினஞ்சுலதான் மறுபடி அகலச் செயின் வந்துச்சு. இது எப்ப வேணா அறும், அறுந்தா இஞ்சின் அப்படியே நின்னுடும்" என்றார். நிமிர்ந்தபோது எதிரே தம்பி நிற்பதைப் பார்த்தார்.

கந்தல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"உன் வண்டியையும் நான்தான் பிரிச்சேன்."

"எந்த வண்டி?"

"நீ மண்ணுல ஏத்தினியே, அது. ஒரு மாசம் கழிச்சு என் ஷெட்டுக்குத்தான் வந்துச்சு. செயின் ரெண்டு துண்டா எண்ணெய்த் தொட்டியில கிடந்துச்சு."

உள்ளே மாவு பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சாவிய அணைச்சா செயின் அறாதுப்பா. செயின் அறுந்துதான் இஞ்சின் நின்னிருக்கு. காண்டிராக்டர் வெளியில சொல்ல வேணாம்னாரு. ஷெட்டுல பாதி வேலை அவரு கொடுக்கிறதுதான். நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"பதினாலு மாசம், அண்ணே" என்றாள் அக்கா. இடுப்புப் பையிலிருந்த கத்தரியை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று பிறகுதான் கவனித்தாள்.

தம்பி மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். குணமான காலை நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி, "ரெண்டு துண்டாவா?" என்று கேட்டான்.

"ரெண்டு துண்டா."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டான். ஸ்பானர் இன்னொரு தடவை சொன்னார். தம்பி எழுந்து போய் அவருடைய எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சொன்னீங்களேண்ணே. அது போதும்" என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

அக்காவுக்கு அவன்மேல்கூட எரிச்சல் வந்தது. அடிக்க வேண்டிய கையைப் போய்ப் பிடிக்கிறானே. தம்பி பெண்டாட்டிதான் வண்டியிலிருந்து இறங்கி வந்து நேராக நின்றாள்.

"அவருக்குப் போதும். எனக்குப் போதாதுங்க. அந்த ஒன்பது பேர்கிட்டயும் உங்க வாயால சொல்லணும். நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டு வாசலுக்கு வாங்க."

வருகிறேன் என்றார் ஸ்பானர். செயினை மாற்றிவிட்டு இந்த வண்டியையே எடுத்துக்கொள்ளலாமா என்று தம்பி இழுத்தபோது, பல்லுச் சக்கரத்தோடு சேர்த்து அகலச் செயின் போட்டால் ஓடும், ஆனால் உன் கால் அதை நம்பாது, வேண்டாம் என்றும் அவரே சொன்னார். பேக்கரிக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பை நிறைய ரொட்டி. அக்கா வேண்டாம் என்றதற்கு அவர் பையை அவள் கையில் திணித்து, விரலை மடக்கிவிட்டார்.

"போன வாரம் பேரனுங்க இதுல இறங்கி வந்தாங்கம்மா. வீட்டுக்குப் போனதும் முதல்ல அவனுங்கள எண்ணிப் பார்க்கணும்னு இருக்கு. இந்த ரொட்டியையாவது வாங்கிக்கங்க."

வாசல்வரை வந்தவர் எதையோ நினைத்துக்கொண்டு நின்றார். தனக்கு மாவு கொண்டுவந்து போடுகிற மில்லில் பத்தாம் வருஷத்து எருமை ஒன்று நிற்கிறது, பெரிய லாரி வாங்கிவிட்டதால் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், ஆனால் சீட்டெல்லாம் கந்தல், பார்க்கவே சகிக்காது என்றார்.

"கந்தலா?" என்றாள் அக்கா. "எலியா?"

"எலி எங்கம்மா ஏறும்? அந்த வண்டி நின்னாத்தானே."

மறுநாள் ஸ்பானர் சொன்னபடி வந்தார். ஒன்பது பேரும் வேலை முடிந்த தூசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றபடி செயினைப் பற்றிச் சொன்னார். வாயை மூடிக்கொண்டதையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை தம்பி கதவுக்கு உள்ளேயே நின்றான். அக்கா அந்த ஒன்பது முகத்தையும் பார்த்தாள். யாரும் வாய் பிளக்கவில்லை. அவர்களில் பாறையில் துளை போடுகிறவர் பீடியைப் பற்ற வைத்தார். பெரியம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து எழுந்தாள்.

"இதைச் சொல்லத்தான் எங்களைக் காக்க வச்சியா? செயின் அறுந்துச்சோ, இவனே சாவியத் திருகினானோ, எங்களுக்கு என்ன வந்துச்சு? பள்ளத்துப் பக்கம் போன வண்டிய மண்ணுப் பக்கம் திருப்பினது யாரு கை? அவ்வளவுதான் எங்க கணக்கு." உள்ளே எட்டிப் பார்த்தாள். "எங்கடா அவன்? ஒளிஞ்சு நிக்கிறான் பாரு. ரொட்டி இருக்குன்னாங்களே, அதையாவது எடுத்துட்டு வா."

தம்பி ரொட்டியோடு வெளியே வந்தான். அத்தனை நாளும் இவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ என்று அவன் அவர்கள் வருகிற பாதையைத் தவிர்த்து நடந்தது அக்காவுக்குத் தெரியும். பல்போனவர் ரொட்டியை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றார். ஸ்பானருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

பத்து மாடல் ஒரு வியாழக்கிழமை கடை வாசலுக்கு வந்தது. பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், பெல்ட்டும் பத்து. ஸ்பானர் கூலி வாங்காமல் அடியும் மேலும் பார்த்து, இது என்னைப் புதைச்சிட்டுத்தான் நிக்கும் என்றார். சீட்டு மகா மோசம். ஓட்டுநர் சீட்டின் கதவோரம் கம்பி தெரிந்தது. அக்கா கழற்றித் தரையில் போட்டுத் தட்டினாள். ஒரு கொட்டாங்கச்சி நிறைய மாவுத்தூள் உதிர்ந்தது. ஒரு பேனா மூடி, சின்னப் பிள்ளை தலைக்கிளிப் ஒன்று, தேய்ந்த சோப்புத் துண்டு. உறையை உரித்ததும் பஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் அச்சாகத் தெரிந்தது. ஒரு பக்கம் கூடுதலாக அழுந்தியிருந்தது. யாரோ ஒரு மனிதன், ஒருச்சாய்த்து உட்காருகிறவன், பத்து வருஷத்துக்குமேல் தினமும் ஏறி, இறங்கி, மாவு மூட்டையோடு மலையும் சமவெளியும் ஓட்டி, தினமும் வீடு திரும்பியிருக்கிறான். ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா அதன்மேல் கையை வைத்தாள். அந்த ஆள் எங்கே இருக்கிறானோ, நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுப் பஞ்சு வெட்டி வைத்திருந்தாள். தம்பி அதற்குள் அந்தப் பழைய பஞ்சின்மேலேயே உட்கார்ந்து பார்த்தான். ஒடிந்து கூடின கால் பக்கம் அந்தப் பள்ளத்தில் வாகாக இறங்கியது.

"இதை மாத்தாதக்கா. எனக்குச் சரியா இருக்கு."

"எவனோ ஒருத்தன் குண்டி அளவு உனக்கு எப்படிடா சரியா இருக்கும்?"

"இருக்கே."

அவள் கந்தல் ஓரத்தை மட்டும் வெட்டி எறிந்து, அந்த இடத்துக்குப் புதுப் பஞ்சு ஒட்டி, நடுவை அப்படியே விட்டாள். அடர்நீல உறை. அடித்தையலுக்குப் பச்சை நூல் போடலாமா என்று பெட்டியைத் திறந்து பார்த்தாள். கடைசிக் கண்டு மீதம் இருந்தது. அதையே போட்டாள்.

முதல் தேதி காலையில் ஒன்பது பேரும் ஏறினார்கள். தம்பி பெண்டாட்டி சொன்னபடி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பகல் முழுக்க அவளுக்குக் குவாரியில் என்ன வேலை என்று பெரியம்மா கேட்டதற்கு, கல் எண்ணுவேன் என்றாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அக்கா நின்று பார்த்தாள். பிறகு ஒரு ஆட்டோ சீட்டை எடுத்துப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். கோணலாகத் தைத்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தாள்.

வெயில் சாயும்போது எருமையின் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். கடை வாசலில் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கி, முதுகை நிமிர்த்தி, தூசியைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள், தினமும் இறங்கிப் போகிறவர்கள் மாதிரி. பெரியம்மா மட்டும் போகிற போக்கில் வண்டியின் பின்பக்கத்தில் மாட்டைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

தம்பி பெண்டாட்டி உள்ளே வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"ரெண்டாவது வளைவுல என்னாச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"பாட்டுப் பாடினாரு அண்ணி."

"பாட்டா? நல்லாவா?"

"கேக்கச் சகிக்கல. பின்னாடி இருந்த ஒன்பது பேரும் நிறுத்தச் சொல்லிக் கத்தினாங்க. வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தல."

வெளியே தம்பி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னமும் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தான். அக்கா மெஷினுக்கு அடியிலிருந்து, அந்தக் கந்தல் உறையில் வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்தாள். மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினாள். எருமை என்று எழுதினாள். பத்து என்று எழுதி, பக்கத்தில் பெல்ட் பார்த்தது என்றும் எழுதினாள். சேதம் என்ன என்று எழுதுகிற இடத்தில் வேர்வை என்று எழுதி, கம்பியில் கோத்து ஆணியில் மாட்டினாள்.